பூ காயாக வேண்டுமானால்: வீட்டுத் தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கையைக் கவனிக்கும் முறை

பந்தலில் பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்து, இலைகள் கரும்பச்சையாகத் தழைத்து, காலைதோறும் பத்துப் பதினைந்து மஞ்சள் பூக்கள் விரிந்து நிற்கும். சில பூக்களின் கீழே கோலிக்குண்டு அளவில் பிஞ்சும் தெரியும். நான்காம் நாள் பார்த்தால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கி, தொட்டவுடன் கையோடு வந்துவிடும். வீட்டில் காய்கறி வளர்ப்பவர்களில் இந்த ஏமாற்றத்தைச் சந்திக்காதவர் அரிது. உரம் போதவில்லை என்று எண்ணி மண்புழு உரத்தை அள்ளிப் போடுகிறோம்; பூ உதிராமல் இருக்கத் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்த தேமோர்க் கரைசல் தெளிக்கிறோம்; நோய் என்று பயந்து ஏதாவது மருந்தடிக்கிறோம். நானும் இரண்டு பருவங்கள் இப்படித்தான் செய்தேன். ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவின் சூல்முடியை (மகரந்தத்தை ஏற்கும் நடு உறுப்பை) சென்று சேராதவரை எந்தக் கரைசலாலும் அந்தப் பிஞ்சைக் காயாக்க முடியாது என்பது, ஒரு நாள் விடியற்காலையில் கொடியருகே நின்று அரை மணி நேரம் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அந்த அரை மணி நேரத்தில் ஒரு தேனீகூட அந்தப் பக்கம் வரவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, பூச்சிகள் வராத தோட்டத்தில் இந்தப் பருவத்துக் காயைக் காப்பாற்றக் கையாலேயே மகரந்தம் சேர்ப்பது. இரண்டாவது, அடுத்த பருவத்தில் அந்த வேலை நமக்குத் தேவைப்படாதபடி பூச்சிகளை மீண்டும் தோட்டத்துக்கு வரவழைப்பது. முதல் வேலையை ஒரு காலைப் பொழுதில் கற்றுவிடலாம். இரண்டாவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆனாலும் உண்மையான வேலை அதுதான்.

பூவை அடையாளம் காணுதல்

பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி, தர்பூசணி ஆகிய கொடிவகைகளில் பெரும்பாலும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. பெண் பூவின் அடியில், இதழ்களுக்குக் கீழே, அந்தக் காயின் சிறு வடிவமே இருக்கும்; பாகலில் முள்முள்ளாகவும், பீர்க்கில் வரிவரியாகவும் அது தெளிவாகத் தெரியும். ஆண் பூவுக்கு அப்படி எதுவும் இல்லை, வெறும் காம்பு மட்டுமே உண்டு. கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே என்பதால், முதல் வாரத்தில் பூவெல்லாம் உதிர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கடும் வெயில் காலத்திலும், தழைச்சத்து மிகுதியாகக் கொடுத்த கொடியிலும் ஆண் பூக்களின் எண்ணிக்கை கூடிவிடும். பெண் பூ வந்து, அதன் பிஞ்சு வெம்பி விழுந்தால் மட்டுமே மகரந்தக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது நேரம். பூசணி, பரங்கிப் பூக்கள் விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கத் தொடங்கிவிடும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்களே. பீர்க்கம்பூ மாலை ஐந்து மணிக்கு மேல் விரிகிறது. சுரைப்பூ அந்தி சாயும் நேரத்தில் வெள்ளையாக மலர்கிறது. புடலம்பூவோ இருட்டிய பிறகே தன் நூல் நூலான இதழ் விளிம்புகளைப் பிரித்து விடுகிறது. மாலையிலும் இரவிலும் பூக்கும் இவற்றின் வெளிர் நிறமும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கானவை. இருட்டில் சுரைப் பந்தலின் அருகே அசையாமல் நின்றால், சிட்டுக்குருவியோ என்று ஐயுறும்படி ஒரு பருத்த அந்துப்பூச்சி பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் செலுத்தித் தேன் குடிப்பதைக் காணலாம். மாடியில் இரவு முழுவதும் பிரகாசமான விளக்கை எரிய விட்டால், பூவுக்கு வர வேண்டிய அந்தப் பூச்சி விளக்கைச் சுற்றத் தொடங்கிவிடும். சுரையும் புடலையும் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கையால் மகரந்தம் சேர்த்தல்

பூசணியை எடுத்துக்கொண்டு முறையைச் சொல்கிறேன். முதல் நாள் மாலையே கொடியைச் சுற்றிப் பார்த்து, நுனி மஞ்சளாகத் திரும்பியிருக்கும் மொட்டுகளைக் குறித்துக் கொள்ளுங்கள். அவைதாம் மறுநாள் விரியப் போகின்றன. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை முழுவதும் உரித்து எடுத்துவிட்டால், நடுவில் ஒரு சிறு திரி போன்ற மகரந்தத் தாள் மிஞ்சும். அதை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் பிசுபிசுப்பாக விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தப் பூ பழையது, அல்லது இரவு மழையில் நனைந்தது. வேறொன்றை எடுக்க வேண்டும். பூசணி மகரந்தம் கனமானது, பசையுள்ளது. காற்றில் பறந்து போய்ச் சேரக்கூடியது அன்று என்பதை இந்தத் தொடுதலிலேயே புரிந்துகொள்ளலாம்.

அந்தத் திரியைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியின் மேல் அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். சூல்முடி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். எல்லா மடல்களிலும் மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத் துகளாவது உள்ளே சென்று சேர வேண்டும். நூற்றுக்கணக்கான விதைகள் கொண்ட காய்க்குப் பெயரளவுக்கு ஒரு தொடுதல் போதாது. விதை பிடிக்காத பக்கத்தில் சதையும் வளராது. ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சூம்பிப்போன வெள்ளரிக்காய்க்கும், கோணலான தர்பூசணிக்கும் பல நேரங்களில் இதுவே காரணம். ஓர் ஆண் பூவை இரண்டு பெண் பூக்களுக்குப் பயன்படுத்தலாம். பிறகு காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டித் தேதி எழுதித் தொங்க விடுங்கள். மூன்று நான்கு நாட்களில் பிஞ்சு பளபளப்புடன் பருத்து, காம்பு கீழ்நோக்கி வளையத் தொடங்கினால் சேர்க்கை வெற்றி.

பாகல், வெள்ளரி போன்ற சிறு பூக்களுக்கு ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை வசதியானது. பீர்க்குக்கும் சுரைக்கும் மாலையிலும், புடலைக்கு இரவு உணவுக்குப் பின் டார்ச் விளக்குடனும் இதே வேலையைச் செய்ய வேண்டும். பசுமைக்குடிலுக்கென்று விற்கப்படும் சில வெள்ளரி ரகங்கள் மகரந்தம் இல்லாமலேயே விதையற்ற காய் பிடிப்பவை. அவற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றில் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. தக்காளியிலும் கத்தரியிலும் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கிறது; உப்பு டப்பாவைக் குலுக்குவது போலப் பூ அதிர்ந்தால்தான் தூள் வெளியே கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்தக் கலை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும், மரத்தைக் குடையும் பெரிய கருவண்டும் (இதுவும் தேனீ வகையே) பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்து ரீங்கரிக்கின்றன; அந்த அதிர்வில் தூள் அவற்றின் வயிற்றில் கொட்டுகிறது. அவை வராத மாடித் தோட்டத்தில், காலை வெயில் ஏறிய பின் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டி விடுங்கள். எலெக்ட்ரிக் பல் துலக்கி இருந்தால் அதன் பின்புறத்தைக் காம்பில் வைத்தாலும் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் எவ்வளவு சுண்டினாலும் தக்காளிப் பூ உதிரவே செய்யும், ஏனெனில் கடும் வெப்பத்தில் மகரந்தமே செயலிழந்துவிடுகிறது. நிழல் வலை கட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

சூரியகாந்தி வைத்திருப்பவர்கள் காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் அடுத்தடுத்த செடிகளின் பூத்தலைகளை ஒன்றோடொன்று மெல்ல ஒற்றி எடுக்கலாம், அல்லது உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தடவிச் செல்லலாம்.

கை எவ்வளவு தூரம் போகும்

பத்துக் கொடிக்கு இது எளிது. பத்து ஏக்கருக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகில் நல்ல சான்றுகள் உள்ளன. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் என்ற பகுதியில் பேரிக்காய் வளர்ப்பவர்கள் மரத்தின் மேல் ஏறி, குச்சி நுனியில் கட்டிய இறகால் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பூச்சிக்கொல்லி மிகுந்த தோப்புகளுக்குத் தேனீப் பெட்டிக்காரர்கள் வரத் தயங்குவது அதற்கு ஒரு காரணம். வெனிலாவோ, அதன் தாயகமான மெக்சிகோவை விட்டு வெளியேறிய நாள் முதல் காய்க்காமல் கிடந்தது. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் அந்தப் பூவில் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டான். இன்று கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் வெனிலா வளர்ப்பவர்கள் ஒவ்வொரு பூவுக்கும் செய்வது அந்தச் சிறுவன் காட்டிய வேலையைத்தான். வெனிலா அவ்வளவு விலை விற்பதற்கு இந்தக் கைவேலையும் ஒரு காரணம். இதற்கு நேர்மாறான சான்று மலேசியாவின் எண்ணெய்ப்பனை. தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்த அந்தத் தோட்டங்களுக்கு, 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு கைவேலை தேவைப்படாமல் போயிற்று.

ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓரளவாவது விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்திருக்கின்றன. உற்பத்தி அளவில் கணக்கிட்டால் இது 35 சதவீதம்தான், ஏனெனில் நெல், கோதுமை, சோளம் போன்ற தானியங்களுக்குப் பூச்சி தேவையில்லை. இந்த இரண்டு எண்களையும் நம் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். சோறு தன் மகரந்தத்தாலேயே விளைந்துவிடும். அதன் மேல் ஊற்றும் சாம்பாரைப் பாருங்கள்: முருங்கைக்காய் கருவண்டின் உழைப்பு, பூசணித் துண்டு தேனீ தந்தது, கத்தரிக்காய்க்கு ரீங்கரிக்கும் தேனீ வந்தால் விளைச்சல் கூடும், மல்லி விதைக்கும் கடுகுக்கும் புளிக்கும் பூச்சிகள் வந்து போக வேண்டும், துவரையில்கூட இலைவெட்டித் தேனீக்கள் வந்தால் காய் கூடுதலாகப் பிடிக்கும். பூச்சிகள் குறைந்தால் நாம் பட்டினி கிடக்க மாட்டோம், ஆனால் வெறும் சோற்றோடு நிற்போம். காயும் கனியும் முதலில் விலை ஏறுவதும், முதலில் எட்டாமல் போவதும் எளிய குடும்பங்களுக்கே என்பதால் இதை நான் தோட்டக்காரர்களின் சிக்கலாக மட்டும் பார்ப்பதில்லை.

காட்டுக்கு இந்தத் தேவை இன்னும் கடுமையானது. இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் விதை வைக்க ஓரளவாவது ஏதாவதோர் உயிரினத்தின் உதவியைச் சார்ந்திருக்கின்றன. இலுப்பைப் பூவுக்கு இரவில் வந்து மகரந்தம் சேர்ப்பவை பழந்தின்னி வௌவால்கள். அபசகுனம் என்று வௌவால் தங்கும் மரத்தை வெட்டும் ஊரில், இலுப்பைக் கன்று தானாக முளைப்பதும் அரிதாகிவிடும்.

பூச்சிகளை வரவழைத்தல்

முதலில் மருந்தைப் பற்றி. பூத்திருக்கும் செடியின் மேல் எதையும் தெளிக்காதீர்கள்; வேப்பெண்ணெய்க் கரைசலும் இதில் அடங்கும். அசுவினிக்கோ மாவுப்பூச்சிக்கோ தெளித்தே ஆக வேண்டும் என்றால், காலைப் பூக்களுக்குச் சூரியன் இறங்கிய பிறகு, இலையின் அடிப்புறத்தில் மட்டும் தெளியுங்கள். பீர்க்கு, சுரை போன்ற மாலைப் பூக்களுக்கு மொட்டு விரிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடிக்குள் ஏறி மகரந்தத்திலும் தேனிலும் கலக்கின்றன. நாம் தெளிக்கும் நேரத்தை மாற்றுவதால் மட்டும் இவற்றின் தீங்கு நீங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்விரண்டையும், இதே வகையைச் சேர்ந்த இன்னொன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. வீட்டுத் தோட்டத்தில் இவற்றுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது உணவு. தேனீக்குப் பூசணி பூக்கும் நாற்பது நாள் மட்டும் பசிப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும் தெருவிலேயே கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். துளசியைக் கதிர் விட விடுங்கள். கொத்தமல்லியில் இரண்டு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்த வெள்ளைக் குடைப்பூக்களில் வந்து அமரும் சிறு ஈக்களையும் குளவிகளையும் பார்த்தால், மகரந்தம் சேர்ப்பது தேனீ மட்டுமன்று என்பது தெரியவரும். மழைக்குப் பின் முளைக்கும் தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள். இடமிருந்தால் ஒரு முருங்கை வையுங்கள். கடையில் வாங்கும் அடுக்குச் செம்பருத்தி போன்றவை கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிட்டதால் பூச்சிக்கு அவற்றில் கிடைப்பது மிகக் குறைவு. ஒற்றை இதழ் அடுக்கு உள்ள செடிகளையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு வீடு. தேனீ என்றதும் கூட்டமாக வாழ்வதுதான் நினைவுக்கு வருகிறது. உலகில் உள்ள 20,000க்கு மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிலும் பெரும்பகுதி மண்ணைக் குடைந்து முட்டையிடுபவை. முற்றம் முழுவதும் சிமென்ட் பூசிவிட்டால் அவற்றுக்கு இடமில்லை. வெயில் படும் ஒரு மூலையில் இரண்டு முழம் மண்ணைக் கொத்தாமல், மூடாமல் விட்டு வைப்பது போதும். காய்ந்த மரக்கட்டை ஒன்றைத் தூக்கி எறியாமல் மதிலோரம் சாய்த்து வைத்தால், முருங்கைக்கு வேண்டிய கருவண்டு அதைக் குடைந்து குடியேறும். ரோஜா இலையின் ஓரத்தில் காசளவு வட்டமாக, கத்தரிக்கோலால் வெட்டியது போலத் துண்டு காணாமல் போயிருந்தால் புழு என்று மருந்தெடுக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ அந்தத் துண்டைச் சுருட்டிக் கொண்டுபோய்த் தன் குஞ்சுக்கு அறை கட்டிக்கொண்டிருக்கும். செடிக்கு அதனால் கேடில்லை. சுவர் வெடிப்பிலிருந்து மெழுகுக் குழல் ஒன்று நீண்டு, அதன் வாயில் எள்ளளவு கரும்பூச்சிகள் காவல் நின்றால் அது கொசுத்தேனீக் கூடு. அது கொட்டாது. அந்த வெடிப்பை மட்டும் பூசாமல் விட்டுவிடுங்கள்.

மலைத்தேனீ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ அடுக்குமாடியின் சன்ஷேடிலோ பெரிய அடை கட்டும்போது அச்சம் இயல்பானதே. அதன் கொடுக்கு ஆபத்தானது. என்றாலும் தீ வைத்துக் கொல்லத் தேவையில்லை. இடம்பெயரும் இயல்புடைய அந்தக் கூட்டம் சில மாதங்களில் தானாகவே போய்விடும். குழந்தைகள் நடமாடும் இடமாக இருந்தால், அனுபவமுள்ள தேனெடுப்பவரை அழைத்து அகற்றச் சொல்லலாம்.

தேனீப் பெட்டி வைப்பதைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூவும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் கூட்டம் ஓடிவிடும். நமக்கு ஏற்றது இந்தியத் தேனீ. அதற்கென்று பாதிரியார் நியூட்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த சிறிய பெட்டியே தென்னிந்தியாவில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மர நிழலில், வாசல் கிழக்கு நோக்கும்படி, எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து மெழுகு அந்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாத நாட்களில் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் பெட்டிகளைப் பெருமளவில் காலி செய்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே பை போல உப்பி இறந்து கிடந்தால் அந்த நோயை நினைக்க வேண்டும். எனவே பெட்டியை வாங்குவதற்கு முன் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி பெற்றுக்கொள்ளுங்கள்.

கைவேலையை எப்போது நிறுத்தலாம் என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. பூசணி பூக்கும் பருவத்தில் வாரத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு, ஒரே பெண் பூவைப் பத்து நிமிடம் பார்த்து எத்தனை பூச்சிகள் உள்ளே இறங்கின என்று குறித்து வையுங்கள். அதே வாரத்தில் ஐந்து பெண் பூக்களைக் கையால் தொட்டுச் சிவப்பு நூலும், ஐந்தைத் தொடாமல் விட்டு வெள்ளை நூலும் கட்டுங்கள். பத்து நாள் கழித்து இரண்டு நூல்களிலும் நிற்கும் காய்களை எண்ணுங்கள். வெள்ளை நூலில் ஒன்றிரண்டே நின்றால் தூரிகையைக் கையில் வைத்திருங்கள். நான்கோ ஐந்தோ நின்றுவிட்டால், அடுத்த வாரம் காலையில் சற்றுத் தாமதமாகவே எழுந்து கொள்ளலாம்.